லூப்புக்குள் போனதும் பிறழும் ஸ்கிரிப்ட்: பிழையைத் தேட எந்த வழி?

பள்ளத்தூரிலிருந்து ஒரு தம்பி போன மாதம் காரைக்குடிக்கு மடிக்கணினியோடு வந்து என் எதிரில் உட்கார்ந்தார். ஊர்க் கோயிலின் புள்ளிப் பட்டியலைச் சீர்செய்யும் பொறுப்பை அவரிடம் தந்திருக்கிறார்கள். புள்ளி என்றால் எங்கள் பக்கம் கோயில் கணக்கில் வரும் ஒரு குடும்பம்; விலாசம் என்றால் முகவரி அல்ல, பெயருக்கு முன் எழுதும் முதலெழுத்துகள். ஏறத்தாழ 3,000 வரிகள். வரிக்கு ஒரு புள்ளி: விலாசம், பெயர், ஊர், தொகை, இடையிடையே காற்புள்ளி. பழைய ஏடுகளில் பெயரைச் சுருக்கித்தான் எழுதியிருப்பார்கள். அதை விரித்து எழுத அவர் ஒரு பாஷ் ஸ்கிரிப்ட் எழுதியிருந்தார். பாஷ் ஒரு ஷெல், அதாவது நாம் எழுதும் கட்டளைகளை வாங்கி இயக்கும் நிரல். ஒரே ஒரு சுருக்கத்தை வைத்து ஓட்டினால் ‘மெய்’ என்பது ‘மெய்யப்பன்’ ஆகிறது. சுருக்கப் பட்டியல் முழுவதையும் லூப்பில், அதாவது ஒவ்வொன்றுக்கும் ஒரு சுற்றாகத் திரும்பத் திரும்ப ஓட விட்டால் ‘மெய்யப்பன்யப்பன்யப்பன்’ என்று வந்து நிற்கிறது. மெய்யம்மை ஆச்சியின் பெயர் இருந்த வரியைப் பார்க்கவே முடியவில்லை.

“இரண்டு நாளாகப் பார்க்கிறேன் அண்ணே. எக்கோ கட்டளை போட்டு மதிப்பைத் திரையில் அச்சிட்டுப் பார்த்தேன், ஒன்றும் பிடிபடவில்லை. பேசாமல் பைத்தானில் மாற்றி எழுதிவிடட்டுமா?”

கல்லூரி மாணவர்களும், கல்யாண அழைப்பிதழுக்கு முகவரி தயாரிக்கிறவர்களும், பழைய பேரேடுகளைக் கணினியில் ஏற்றுகிறவர்களும் இதே இடத்தில்தான் வந்து நிற்கிறார்கள். எக்கோவா, தடம் பார்ப்பதா, தரவை வெட்டிப் பார்ப்பதா, சோதனைக் கருவியிடம் கொடுப்பதா, எல்லாவற்றையும் தூக்கிவிட்டு வேறு மொழியில் எழுதுவதா? அவரவருக்குப் பழகிய வழியைப் பிடித்துக்கொண்டு நாள் கணக்கில் போராடுகிறார்கள். அச்சாகும் பட்டியலில் ஒருவர் பெயர் சிதைந்து போவது எனக்குச் சிறிய விஷயமாகத் தெரியவில்லை. அதனால் இதை நிதானமாக எழுதுகிறேன்.

## எதை வைத்து எடைபோடுவது

தனியாக ஓட்டினால் சரி, லூப்பில் விட்டால் தவறு என்றால் காரணம் பெரும்பாலும் மூன்று இடங்களில் ஒன்றில் இருக்கும். லூப்புக்குள் வரும் வரி நாம் நினைத்த வரியாக இருக்காது. அல்லது முந்தைய சுற்று எதையோ மிச்சம் வைத்துவிட்டுப் போயிருக்கும். அல்லது உள்ளே ஓடும் கட்டளை ஒன்று, லூப் படிக்க வேண்டிய வரிகளைத் தானே எடுத்து விழுங்கியிருக்கும். எனவே எந்த வழியைக் கையில் எடுப்பதற்கு முன்பும் நான்கு கேள்விகள் கேட்டுக்கொள்கிறேன்.

கண்ணுக்குத் தெரியாததைக் காட்டுமா? விண்டோஸில் சேமித்த கோப்பில் பெரும்பாலும் ஒவ்வொரு வரியின் முடிவிலும் ஒரு கேரேஜ் ரிட்டர்ன், அதாவது ‘வரியின் தொடக்கத்துக்குத் திரும்பு’ என்று சொல்லும் மறைகுறி, ஒட்டிக்கொண்டிருக்கும். கோப்பின் தலையில் 3 பைட் குறி ஒன்று உட்கார்ந்திருக்கலாம். இரட்டை இடைவெளியும் அகலமே இல்லாத எழுத்தும் எங்கும் இருக்கலாம். தமிழில் இன்னொன்றும் உண்டு. ‘கோ’ என்ற எழுத்தைக் கணினி இரண்டு விதமாகச் சேமிக்கும். திரையில் வேறுபாடே தெரியாது.

ஒரு சுற்று அடுத்த சுற்றுக்கு விட்டுச் செல்வதைக் காட்டுமா? லூப் பிழைகளில் இதுதான் பாதி.

பார்க்கும் செயலே பிழையை மாற்றிவிடுமா? தேடப் போய்த் தடயத்தை அழித்துவிட்டால் எதுவும் மிஞ்சாது.

நான்காவது செலவு. ஆகும் நேரம், படிக்க வேண்டிய அளவு, மூலக் கோப்புக்கு வரும் ஆபத்து எல்லாம் இதில் அடங்கும். எந்த வழியில் போனாலும் முதலில் மூலத்தை நகலெடுத்து வேறு இடத்தில் வையுங்கள். உரையைத் திருத்தும் செட் கட்டளையை, அதே கோப்பில் திருப்பி எழுதும் விருப்பத்தோடு லூப்பில் ஓட்டிக்கொண்டே பிழை தேடக் கூடாது. ஒவ்வொரு முறை ஓட்டும்போதும் கோப்பு மாறும். நேற்றுப் பார்த்த பிழையை இன்று பார்க்க முடியாது.

## எக்கோ போட்டுப் பார்ப்பது

எல்லோரும் தொடங்கும் இடம் இதுதான். கற்க எதுவும் இல்லை, ஒரு நிமிட வேலை. ஒரு மாறியின் மதிப்பு சந்தேகமாக இருக்கிறது, அந்த ஒன்றைத்தான் பார்க்க வேண்டும் என்றால் இதைவிட விரைவான வழி கிடையாது.

ஆனால் சாதாரணமாகப் போடும் எக்கோ பொய் சொல்லும். மாறியை மேற்கோள் குறிக்குள் வைக்காமல் எக்கோவுக்குக் கொடுத்தால், அதிலுள்ள இரட்டை இடைவெளிகளை ஷெல் ஒற்றையாக்கிவிடும். வரியில் ஒரு நட்சத்திரக் குறி தனித்து நின்றால், அந்தக் கோப்புறையில் உள்ள கோப்புகளின் பெயர்களெல்லாம் வரிசையாக வந்து விழும். தேடிய பிழை எந்த இடைவெளியில் இருந்ததோ, அந்த இடைவெளியே காணாமல் போய்விடும்.

ஆகவே எக்கோவுக்குப் பதிலாகப் பிரிண்ட்எஃப் கட்டளையை எடுத்து, மதிப்பை மேற்கோளுக்குள் வைத்து, இருபுறமும் சதுர அடைப்புக்குறி போட்டு அச்சிடுங்கள். இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. வரி நல்லதாக இருந்தால் [அழகப்பன்] என்று வரும். வரியின் முடிவில் கேரேஜ் ரிட்டர்ன் ஒளிந்திருந்தால், டெர்மினலின் சுட்டி வரியின் தொடக்கத்துக்கே திரும்பிப் போய், மூடும் அடைப்பைத் திறக்கும் அடைப்பின் மேலேயே எழுதிவிடும். திரையில் ]அழகப்பன் என்று தெரியும். இதை ஒரு முறை பார்த்தவர் மறக்க மாட்டார். அடுத்த முறை அரை நொடியில் ‘இது விண்டோஸ் கோப்பு’ என்று சொல்லிவிடுவார்.

மறைந்திருக்கும் செலவு இரண்டு. லூப்பின் வெளியீடு ஒரு கோப்புக்கோ, அடுத்த கட்டளைக்கு எடுத்துச் செல்லும் பைப்புக்கோ போகிறது என்றால் நீங்கள் அச்சிட்டதும் அதனோடு கலந்துவிடும். பட்டியலின் நடுவே ‘இங்கே வந்தது’ என்ற வரியோடு அச்சுக்குப் போன கோப்பை நான் பார்த்திருக்கிறேன். எனவே பிழைச் செய்திகள் போகும் தனிப் பாதையில்தான் அச்சிட வேண்டும். இன்னொன்று இதைவிடப் பெரியது: நாம் சந்தேகப்படும் இடத்தில்தான் எக்கோ வைப்போம். தம்பி, லூப் படித்த சுருக்கம் சரியாக வருகிறதா என்று பார்த்தார். சரியாகத்தான் வந்தது. பிழை அங்கே இல்லாததால் எக்கோ எத்தனை முறை போட்டாலும் அதையேதான் சொல்லும்.

## தடம் பதித்து ஓட்டுவது

பாஷை ‘-எக்ஸ்’ விருப்பத்தோடு ஓட்டினால், ஒவ்வொரு கட்டளையையும் இயக்குவதற்கு முன், மாறிகளையெல்லாம் விரித்து, கூட்டல் குறியோடு அச்சிடும். நாம் எழுதியதைக் காட்டாது. ஷெல் புரிந்துகொண்டதைக் காட்டும். இரண்டும் ஒன்றுதான் என்று நினைத்துத்தான் நாம் மாட்டிக்கொள்கிறோம்.

விலாசத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ராய. சொ. என்றால் ராய. சொக்கலிங்கம் என்று காரைக்குடியில் தமிழ் படித்தவர்களுக்குத் தெரியும். ஃபார் லூப்புக்கு அது தெரியாது. கோப்பின் உள்ளடக்கத்தை அப்படியே ஃபார் லூப்பிடம் கொடுத்தால் அது வரி வரியாகப் பிரிக்காது. இடைவெளி, டேப், வரி முடிவு மூன்றில் எது வந்தாலும் வெட்டும். ‘ராய.’ ஒரு சுற்று, ‘சொ.’ ஒரு சுற்று. தடத்தில் இது பட்டவர்த்தனமாகத் தெரியும். ஒரு வரிக்கு ஒரு சுற்று வர வேண்டிய இடத்தில் பல சுற்றுகள் வரிசையாக நிற்கும். இடைவெளியுள்ள சொல்லை ஷெல் ஒன்றாகப் பிடித்திருந்தால் அதைச் சுற்றி மேற்கோள் குறி போட்டுக் காட்டும். பிடிக்கவில்லை என்றால் குறி இருக்காது. கட்டளைக்குப் போகும் சொல்லில் கேரேஜ் ரிட்டர்ன் இருந்தால் அதையும் டாலர் குறியும் பின்சாய்வுக்கோடும் போட்டு வெளிப்படையாக எழுதிக் காட்டிவிடும்.

தம்பியின் பிழையும் தடத்தில்தான் அகப்பட்டது. லூப் சுமார் 200 சுற்றுகள் ஓடியது. தடம் முழுவதையும் ஒரு கோப்பில் பிடித்தோம். அகரவரிசைப்படுத்தி, ஒரே மாதிரியான வரிகளை எண்ணச் சொன்னோம். மற்ற செட் வரிகளின் முன்னெல்லாம் 1 என்று நிற்க, ‘மெய்’யை ‘மெய்யப்பன்’ ஆக்கும் வரியின் முன் மட்டும் 3 என்று நின்றது. சுருக்கப் பட்டியலை மூன்று பேர் தனித்தனியாகத் தொகுத்திருந்தார்கள். மூவரும் ‘மெய்’யை எழுதியிருந்தார்கள். ஒவ்வொரு சுற்றிலும் செட் முழுக் கோப்பையும் திருத்தி அதே கோப்பில் எழுதியது. முதல் சுற்றில் மெய்யப்பன். இரண்டாம் சுற்றில் அந்த மெய்யப்பனின் தலையில் இருக்கும் ‘மெய்’ மறுபடியும் அகப்பட்டது. மூன்றாம் சுற்றில் இன்னொரு முறை. ‘மெய்’ என்பது ஒரு புலத்தின், அதாவது காற்புள்ளிகளுக்கு இடைப்பட்ட பகுதியின், முழு மதிப்பாக இருக்க வேண்டும் என்று அந்தக் கட்டளையில் எங்கும் சொல்லப்படவில்லை. மெய்யம்மை ஆச்சியின் பெயர் கெட்டதும் அதனால்தான்.

இன்னும் இரண்டு பிழைகளுக்கு நான் யோசிக்காமல் தடத்தைத்தான் எடுப்பேன். ஒன்று, லூப் முதல் வரியோடு நின்றுவிடுவது. உள்ளே, வேறு கணினியோடு இணைக்கும் எஸ்.எஸ்.ஹெச். போன்ற கட்டளை இருந்தால், அது லூப் படித்துக்கொண்டிருக்கும் அதே உள்ளீட்டிலிருந்து மிச்ச வரிகளையெல்லாம் படித்துத் தீர்த்துவிடும். தடத்தில் ஒரே ஒரு சுற்று மட்டும் இருப்பதைப் பார்த்தாலே தெரிந்துவிடும்; அந்தக் கட்டளைக்கு வெற்று உள்ளீட்டைக் கொடுத்தால் சரியாகிவிடும். மற்றொன்று, லூப்புக்குள் எண்ணிய தொகை வெளியே வந்ததும் பூஜ்யமாகிவிடுவது. தடத்தில் 1, 2, 3 என்று ஏறிக்கொண்டே போகும், லூப் முடிந்ததும் 0 என்று நிற்கும். பைப் வழியாக வரிகளை லூப்புக்கு அனுப்பினால் பாஷ் அந்த லூப்பை ஒரு துணை ஷெல்லில் ஓட்டுகிறது. அதில் மாறியது வெளியே வராது. இசட்ஷெல் அப்படிச் செய்வதில்லை. 2019இலிருந்து மேக் கணினிகளில் அதுதான் இயல்பான ஷெல் என்பதால், ‘நண்பரின் கணினியில் கட்டளையாகத் தட்டினால் சரியாக ஓடுகிறதே’ என்ற குழப்பமும் வரும்.

செலவைச் சொல்ல வேண்டும். 3,000 வரி, வரிக்கு 4 கட்டளை என்றால் 12,000 வரித் தடம் கொட்டும். லூப்புக்கு முன் தடத்தைத் திறந்து பின் மூடினாலும் கண்ணால் படிக்க முடியாது. மேலே சொன்னபடி வரிசைப்படுத்தி எண்ணித்தான் பயன்பெற வேண்டும். தட வரியின் முன் நிற்கும் குறியைத் தீர்மானிக்கும் பி.எஸ்.4 என்ற மாறியில் வரி எண்ணைச் சேர்த்துவிட்டால் தேடுவது எளிது. ஸ்கிரிப்ட்டில் கடவுச்சொல் இருந்தால் அதுவும் தடத்தில் பதியும். அந்தக் கோப்பை யாருக்கும் அனுப்பிவிடக் கூடாது.

ஷெல்லின் எல்லையோடு தடம் நின்றுவிடுகிறது என்பது அடுத்த குறை. செட்டுக்குள்ளோ, ஆக் என்ற இன்னோர் உரைக் கருவிக்குள்ளோ என்ன நடக்கிறது என்று அதற்குத் தெரியாது. ‘அரு.’ என்பதை ‘அருணாசலம்’ என்று மாற்றச் சொன்னால் தடத்தில் கட்டளை சரியாகவே தெரியும். ஆனால் செட்டுக்குப் புள்ளி என்பது ‘ஏதாவது ஓர் எழுத்து’. அது ‘அருணகிரி’யில் உள்ள ‘அருண’வைப் பிடித்து ‘அருணாசலம்கிரி’ ஆக்கிவிடும். விலாசம் முழுக்கப் புள்ளி வைத்து எழுதும் நம் ஊரில் இது தினமும் நடக்கும் பிழை. மொழி அமைப்பு சரியாக இல்லாத கணினியில் அந்தப் புள்ளி ஒரு பைட்டை மட்டும் விழுங்கி, ‘ண’வின் மிச்ச இரண்டு பைட்டுகளைக் குப்பையாக விட்டுச் செல்லும். புள்ளிக்கு முன் ஒரு பின்சாய்வுக்கோடு போட்டால் தீர்ந்தது. ஆனால் போட வேண்டும் என்று தடம் சொல்லாது.

## தரவை வெட்டிப் பார்ப்பது

ஸ்கிரிப்ட்டைத் தொடாமல் கோப்பைப் பாதியாக்குங்கள். எந்தப் பாதியில் பிழை வருகிறதோ அதை மறுபடியும் பாதியாக்குங்கள். 3,000 வரிகள் 12 முறைக்குள் ஒரே வரியாகிவிடும். அருணகிரி போன்ற பிழைக்கு இதுதான் சரியான வழி. குற்றவாளி வரி தனியாக வந்து நிற்கும்போது காரணம் பெரும்பாலும் தானே தெரிந்துவிடுகிறது.

ஒன்றில் கவனமாக இருக்க வேண்டும். சந்தேகப்படும் வரியைப் பார்த்துப் பார்த்துக் கையால் புதிய கோப்பில் தட்டச்சு செய்கிறவர்கள் உண்டு. அப்படிச் செய்தால் பிழை மறைந்துவிடும். நம் விரல் கேரேஜ் ரிட்டர்னைத் தட்டாது, அகலமில்லாத எழுத்தைத் தட்டாது. வரி படிக்கும் ரீட் கட்டளை, கோப்பின் கடைசி வரி முடிவுக் குறி இல்லாமல் நின்றால் அதைப் படித்துவிட்டுத் ‘தோல்வி’ என்று திரும்பும். லூப் அந்த வரியைச் செயல்படுத்தாமலேயே முடிந்துவிடும். பல எடிட்டர்கள் அந்தக் குறியைத் தாமாகவே சேர்த்துவிடுவதால் தட்டச்சு செய்த மாதிரிக் கோப்பில் இது நடக்காது. ஆகவே கட்டளையால் வெட்டி எடுங்கள், கையால் எழுதாதீர்கள்.

வெட்டி எடுத்த வரியை பைட் பைட்டாகவும் பார்க்க வேண்டும். இங்கே தமிழ்க்காரர்களுக்குத் தனியாக ஒரு தொல்லை. கோப்பைத் திரையில் கொட்டும் கேட் கட்டளையைப் பெரிய ‘ஏ’ விருப்பத்தோடு ஓட்டினால் மறைந்த குறிகளைக் காட்டும் என்று எல்லா இடத்திலும் எழுதியிருப்பார்கள். ஆங்கில வரிக்கு அது சரி. தமிழ் வரியைக் கொடுத்தால் ஒவ்வொரு எழுத்தும் மூன்று குறித்தொகுதிகளாக உடைந்து கண்ணே கூசும். வரியின் முடிவை மட்டும் அதில் பாருங்கள், உள்ளே படிக்க முயலாதீர்கள். எழுத்துகளைப் பார்க்க பைட்டுகளை எண்ணுவது நல்ல வழி. யூனிகோடை வழக்கமாகச் சேமிக்கும் யூ.டி.எஃப்-8 வடிவில் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் 3 பைட். ‘கோட்டையூர்’ என்ற சொல்லில் 10 குறிகள், ஆக 30 பைட். ‘ஓ’காரத்தை ஒற்றைக் குறியாக இல்லாமல் ஏகாரக் கொம்பு, கால் என்று இரண்டாகத் தட்டியிருந்தால் 33 பைட். திரையில் இரண்டும் கோட்டையூர்தான். சொல் தேடும் கிரெப் கட்டளை ஒன்றைக் கண்டுபிடிக்கும், மற்றதை விட்டுவிடும். கோனாபட்டும் கொத்தமங்கலமும் தேவகோட்டையும் இப்படித்தான் பட்டியலில் இரண்டு இரண்டு ஊர்களாகப் பிரிந்து நிற்கின்றன.

வெட்டும் வழி தோற்கும் இடமும் உண்டு. பிழை ஒரு வரியில் இல்லாமல் இரண்டு வரிகளுக்கு நடுவில் இருந்தால், பாதியாக்கும்போது அவை பிரிந்துவிடும். இரண்டு பாதியும் நல்லதாகத் தெரியும். தம்பியின் மூன்று ‘மெய்’களை இந்த வழியில் தேடியிருந்தால் மாலை வரை தேடியிருப்போம். இரு பாதியும் சரி, சேர்த்தால் தவறு என்று வந்தால் உடனே வெட்டுவதை நிறுத்திவிட்டுத் தடத்துக்குப் போங்கள்.

## ஷெல்செக்

இதற்கு நீண்ட விளக்கம் வேண்டாம். இலவசக் கருவி, ஸ்கிரிப்ட்டை ஓட்டாமலேயே படித்து, எந்த வரியில் என்ன ஆபத்து என்று எண்ணிட்டுச் சொல்லும். மேற்கோள் இல்லாத மாறி என்றால் 2086, ஃபார் லூப்பில் கோப்பைக் கொட்டினால் 2013, துணை ஷெல்லில் மாறி தொலைந்தால் 2031, லூப்பின் உள்ளீட்டை எஸ்.எஸ்.ஹெச். விழுங்கும் என்றால் 2095. சில நொடிகளில் முடிந்துவிடும் என்பதால் வேறு எதைச் செய்வதற்கு முன்பும் ஒரு முறை இதை ஓட்டிவிடுவேன். அது தரவைப் பார்க்காது, செட்டின் புள்ளியைப் பற்றிப் பேசாது. மெய்யப்பன் விஷயத்தில் எதுவும் சொல்லவில்லை.

## லூப்பையே தூக்கிவிட்டு மாற்றி எழுதுவது

தம்பியின் கேள்வி இதுதான். பிழை என்னவென்று தெரியாமல் மாற்றி எழுதக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம். காரணம் தெரியாவிட்டால் அதைப் புதிய மொழியிலும் அப்படியே எழுதுவோம். மூன்று ‘மெய்’களோடு அதே சுருக்கப் பட்டியலை, அதே சொல்-மாற்றும் வேலையை, பைத்தானில் ஒரு லூப்பாக எழுதினாலும் மெய்யப்பன்யப்பன்யப்பன்தான் வந்திருக்கும்.

காரணம் தெரிந்த பிறகு மாற்றி எழுதுவதற்கு நல்ல நியாயங்கள் இருக்கின்றன. ஷெல் லூப்புக்குள் வரிக்கு ஒரு செட் என்று ஓட்டினால் 3,000 முறை ஒரு நிரலைத் தொடங்கி முடிக்கிறோம். ஆக் ஒரே முறை தொடங்கிக் கோப்பு முழுவதையும் படித்துவிடும். 1977இல் ஆஹோ, வெயின்பெர்கர், கெர்னிகன் மூவரும் உருவாக்கிய நாளிலிருந்து வரி வரியாகப் படிப்பதும் புலங்களாகப் பிரிப்பதும் அதன் இயல்பு; லூப்பே எழுத வேண்டாம். லூப் இல்லாத இடத்தில் லூப் பிழையும் இல்லை. காற்புள்ளியால் பிரிந்த, மேற்கோள் சிக்கல் இல்லாத எளிய பட்டியல் என்றால் நான் ஆக் பக்கம்தான்.

ஆனால் ஆக்கிற்குள் நாமே லூப் எழுதி, கெட்லைன் வழியாக இன்னொரு கோப்பைப் படித்தால் கவனம் தேவை. கோப்பு இல்லை என்றால் கெட்லைன் -1 தரும். அது பூஜ்யம் இல்லை என்பதால் லூப் அதை ‘உண்மை’ என்றே எடுத்துக்கொண்டு முடிவில்லாமல் சுழலும். பூஜ்யத்தைவிடப் பெரியதா என்று கேட்டுத்தான் எழுத வேண்டும். மாற்றாக வைக்கும் உரையில் ‘&’ இருந்தால் செட்டும் ஆக்கும் அதைப் ‘பிடிபட்ட சொல்’ என்று புரிந்துகொள்ளும். ‘& கோ’ என்று முடியும் பழைய கடைப் பெயர்கள் நம் பேரேடுகளில் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். சொல்லின் நீளத்தை ஆக்கிடம் கேட்டால் சில பதிப்புகள் பைட்டை எண்ணும், சில குறியை எண்ணும். ‘காரைக்குடி’ ஒன்றில் 30, மற்றதில் 10. நாம் எண்ணினால் 5.

தமிழ் உரையைத் தொடர்ந்து கையாளப் போகிறீர்கள் என்றால் பைத்தான் தகும். இரண்டு விதமான ‘கோ’வையும் யூனிகோட் சீராக்கம் ஒரே கட்டளையில் ஒன்றாக்கிவிடும். கோப்பின் தலையில் இருக்கும் 3 பைட் குறியை விலக்கிப் படிக்கவும் வழி இருக்கிறது. சீராக்கமும் எல்லாவற்றையும் சரிசெய்துவிடாது. ‘சௌந்தரம்’ என்று எழுத ‘ள’வைத் தட்டி ‘செளந்தரம்’ ஆக்கியிருந்தால் அது வேறு சொல்லாகவே நிற்கும். அதைத் தனியாகத்தான் திருத்த வேண்டும்.

பைத்தானின் மறைந்த செலவுகளில் தமிழருக்கு மிகவும் வலிப்பது சொல் எல்லை. அதன் இயல்பான தேடல் குறிகள் உயிர்மெய்க் குறியீடுகளையும் மெய்ப் புள்ளியையும் எழுத்தாகவே எண்ணுவதில்லை. ‘முழுச் சொல்’ என்று கேட்டால் ‘மெய்யப்பன்’ நடுவிலேயே பல துண்டாக உடையும். காற்புள்ளியால் புலங்களைப் பிரித்து, புலம் முழுவதும் சமமா என்று ஒப்பிடுவதே பாதுகாப்பானது. இன்னொன்று, ஒரு பட்டியலின் மேல் லூப் ஓடிக்கொண்டிருக்கும்போதே அதிலிருந்து உருப்படிகளை நீக்கினால் அடுத்த உருப்படியை லூப் தாண்டிவிடும். ஷெல்லைவிட்டு ஓடி வந்தவர்கள் முதல் வாரத்திலேயே இதில் விழுகிறார்கள்.

## ஒரே பார்வையில்

| வழி | தெரியாத எழுத்தைக் காட்டுமா | சுற்றுகளின் மிச்சத்தைக் காட்டுமா | மறைந்த செலவு | எப்போது முதலில் எடுப்பது |
|---|---|---|---|---|
| எக்கோ | அடைப்புக்குறியோடு அச்சிட்டால் ஓரளவு | நாம் கேட்ட இடத்தில் மட்டும் | வெளியீட்டில் கலக்கும். சந்தேகத்தின் எல்லைக்குள்ளேயே தேடும் | ஒரே ஒரு மாறி மீது ஐயம் |
| தடம் | கேரேஜ் ரிட்டர்ன் தெரியும். ‘கோ’ வேறுபாடு தெரியாது | ஆம், இதுவே அதன் பலம் | ஆயிரக்கணக்கான வரிகள். கடவுச்சொல் பதியும் | சுற்றுகள் கூடுதல், குறைவு. எண்ணிக்கை தொலைதல் |
| வெட்டுதல் | பைட் எண்ணினால் எல்லாம் தெரியும் | இல்லை | கையால் தட்டினால் தடயம் அழியும் | சில வரிகள் மட்டும் கெடுதல் |
| ஷெல்செக் | இல்லை | சில வகைகளை ஊகிக்கும் | ஏறத்தாழ ஒன்றுமில்லை | எப்போதும், எல்லாவற்றுக்கும் முன் |
| மாற்றி எழுதுதல் | பைத்தானில் ஆம் | இல்லை | புதிய மொழியின் புதிய பிழைகள் | காரணம் தெரிந்த பின், வேலை திரும்பத் திரும்ப வரும் என்றால் |

தம்பியின் ஸ்கிரிப்ட்டில் மூன்று திருத்தங்கள் செய்தோம். சுருக்கப் பட்டியலில் அப்படியே திரும்ப வரும் வரிகளை நீக்கினோம். முன்னும் பின்னும் காற்புள்ளி இருந்தால் மட்டும் மாற்றச் சொன்னோம். திருத்திய கோப்பைப் புதிய பெயரில் எழுத வைத்தோம். மெய்யப்பன் மெய்யப்பனாகவும் மெய்யம்மை மெய்யம்மையாகவும் வந்தார்கள்.

அடுத்த ஆண்டும் இதே பட்டியல் வரும் என்பதால் அவர் அன்று இரவே பைத்தானிலும் எழுதிவிட்டார். மறுநாள் இரண்டு ஸ்கிரிப்ட்டுகளின் வெளியீட்டையும் வரிக்கு வரி ஒப்பிட்டோம். 41 வரிகள் வேறுபட்டன. அவற்றில் 38 வரிகளைத் திரையில் எத்தனை முறை பார்த்தாலும் வேறுபாடு தெரியவில்லை. எல்லாம் கோட்டையூர், கோனாபட்டு, கொத்தமங்கலம். பைத்தான் ‘கோ’வையும் ‘கொ’வையும் சீராக்கியிருந்தது, பாஷ் வந்தபடியே விட்டிருந்தது.

மீதி மூன்று வரிகளில் பெயரே வேறாக இருந்தது. பாஷ் அருணாசலம் என்றது, பைத்தான் அருணகிரி என்றது. சுருக்கப் பட்டியலில் ‘அரு’வுக்கு ஒருவர் ஒன்றும் இன்னொருவர் மற்றொன்றும் எழுதியிருக்கிறார்கள். பாஷ் லூப் முதலில் வந்ததை எடுத்துக்கொண்டது. பைத்தானின் அகராதி ஒரு சுருக்கத்துக்கு ஒரு விரிவைத்தான் வைக்கும் என்பதால் கடைசியாக வந்ததை வைத்துக்கொண்டது. இரண்டும் எழுதியபடிதான் நடந்திருக்கின்றன. தம்பி அந்த மூன்று வரி எண்களையும் ஒரு தாளில் குறித்துக்கொண்டு, கோயிலில் இருக்கும் பழைய ஏட்டைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று பள்ளத்தூருக்குக் கிளம்பினார்.